காடு இழந்த மர ஊமத்தை

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா என்று மலையூர் எதற்குப் போனாலும் அந்தச் செடி கண்ணில் படாமல் போகாது. பழைய பங்களாக்களின் வேலியோரத்திலும் தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரையிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஒரு சாணுக்கும் அதிக நீளமான வெள்ளைப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நிற்கும். நர்சரிகளில் ஏஞ்சல்ஸ் டிரம்பெட் என்பார்கள். தாவரவியலில் அதன் பேரினம் புரூக்மான்சியா. நம் ஊமத்தையின் நெருங்கிய உறவு என்பதால் இங்கே மர ஊமத்தை என்றே குறிப்பிடுகிறேன். அது செழித்துக் கிடக்கும் அழகைப் பார்ப்பவர்கள், யாரும் கவனிக்காமலே தானாக முளைத்த காட்டுச்செடி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல் 2014-ல் இந்தப் பேரினத்தின் ஏழு சிற்றினங்களையும், ஒன்றுகூட விடாமல், இயற்கையில் அற்றுப்போனவை என்று வகைப்படுத்தியது. வேலியோரம் கொத்துக்கொத்தாகப் பூக்கும் செடி அற்றுப்போனவற்றின் பட்டியலில் எப்படி இடம்பெற்றது என்பதற்கு அதன் வரலாற்றில்தான் விடை இருக்கிறது. மர ஊமத்தையின் இன்றைய வாழ்வு முழுவதும் வீட்டுத் தோட்டங்கள் கொடுத்தது. கிளையை ஒடித்து நடும் பழக்கம் அதைக் காப்பாற்றியது. அதே பழக்கம் அதை மலடாகவும் ஆக்கியது. இனி அது ஓர் இனமாக நீடிப்பது, பூவிலிருந்து பூவுக்கு மகரந்தம் எடுத்து வைக்கும் கைகளைப் பொறுத்தது. இதுவே நான் முன்வைக்கும் வாதம்.

முதலில் நாம் அறிந்த ஊமத்தையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஊமத்தை குப்பைமேட்டிலும் இடிந்த சுவர் ஓரத்திலும் தானே முளைக்கும். பூ மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். முள் நிறைந்த காய் முற்றியதும் வெடித்து விதையைச் சிதறும். அதன் பூவுக்குத் தன் மகரந்தமே போதும். சிவனுக்குச் சூட்ட யாராவது பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் புதுச்செடிகள் நிற்கும். மர ஊமத்தை இதற்கெல்லாம் எதிரிடை. அது பல ஆண்டு வாழும் குறுமரம். பூ கீழ்நோக்கித் தொங்கும். காயில் முள் கிடையாது, முற்றினாலும் வெடிக்காது, கிளையிலேயே தொங்கிச் சுருங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதன் பெரும்பாலான சிற்றினங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரே மரத்தில் நூறு பூ பூத்தாலும், அந்த நூறும் தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொண்டாலும், காய் பிடிப்பது அரிது. மரபு வேறுபட்ட இன்னொரு மரம் பக்கத்தில் வேண்டும். இவ்வளவு வேறுபாடு இருந்தும் அறிவியல் உலகம் நீண்டகாலம் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தது. பெரு, சிலி நாடுகளில் பயணம் செய்த பிரெஞ்சுப் பாதிரியார் லூயி ஃபுயே 1714-ல் வெளியிட்ட படத்தையும் விவரிப்பையும் கொண்டு, லின்னேயஸ் 1753-ல் அதை ஊமத்தையின் பேரினமான டட்டூராவில் சேர்த்தார். 1805-ல் தாவரவியலாளர் பெர்சூன் அதைப் பிரித்து, ஹாலந்து நாட்டு அறிஞர் செபால்ட் யுஸ்டினஸ் புரூக்மான்ஸ் பெயரால் தனிப் பேரினம் ஆக்கினார். அதற்குப் பிறகும் சிலர் சேர்த்தார்கள், சிலர் பிரித்தார்கள். ஹார்வர்டில் டாமி லாக்வுட் 1973-ல் முடித்த ஆய்வுதான் அந்த வழக்கைத் தீர்த்தது. அவர் செடிகளை வளர்த்து, எது எதோடு இணைகிறது, எது இணைய மறுக்கிறது என்று கையால் மகரந்தம் வைத்தே சோதித்தார் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இந்தச் செடியைப் பற்றி நாம் உறுதியாக அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த எளிய செய்கையிலிருந்து வந்தது.

காட்டில் அது ஏன் இல்லாமல் போனது? மகரந்தம் கொண்டுபோகும் உயிர்கள் அழிந்துவிட்டன என்றால் காரணம் எளிதாகக் கிடைத்திருக்கும். ஆனால் அவை இன்றும் இருக்கின்றன. வெள்ளைப் பூ பூக்கும் சிற்றினங்கள் அந்தி சாய்ந்ததும் மணம் வீசத் தொடங்கும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகள் அந்த மணத்தைத் தேடி வரும். ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த உயரங்களுக்குரிய சாங்குவினியா என்ற சிவப்புப் பூ மர ஊமத்தைக்கு மணமே கிடையாது. அதற்கு வாள் அலகு ஓசனிச்சிட்டு வருகிறது. வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் உடலைவிட அலகு நீளமான பறவை அது. தொங்கும் குழலுக்கு அடியில் சிறகடித்து நின்று, அலகை மேல்நோக்கிச் செலுத்தித் தேன் குடிக்கும். ஆகவே பூவின் பக்கம் குறை ஏதும் இல்லை. குறை காயின் பக்கம் இருக்கிறது. வெடிக்காத, முள்ளில்லாத, பெரிய விதைகள் நிறைந்த ஒரு காயை ஏதோ ஒரு விலங்கு தின்று வேறிடத்தில் விதையைக் கழித்திருக்க வேண்டும் என்பதே அதன் அமைப்பைப் பார்த்தால் தோன்றும். அப்படித் தின்னும் விலங்கு இன்று அங்கே காணப்படவில்லை. தென் அமெரிக்காவில் யானையை ஒத்த கோம்ஃபோதியர்களும் ராட்சத நிலவாழ் ஸ்லாத்துகளும் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. அவை தின்று பரப்பிய காய்கள் பல இன்று தின்ன ஆளில்லாமல் மரத்தடியில் அழுகுகின்றன என்று 1982-ல் டேனியல் ஜான்சனும் பால் மார்ட்டினும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். மர ஊமத்தையும் அந்த வரிசையில் ஒன்று என்று கருத இடமிருக்கிறது. இது கருதுகோள்தான், புதைபடிவத்தின் வயிற்றில் யாரும் அதன் விதையைக் கண்டெடுக்கவில்லை. ஆனால் மகரந்தம் சேர்ப்பவை இருந்தும் இனம் காட்டில் நிற்க முடியாமல் போனதற்கு, விதையைக் கொண்டுபோக ஆளில்லை என்பதைவிடப் பொருந்தும் விளக்கம் வேறு கிடைக்கவில்லை.

விலங்கு விட்ட இடத்தை மனிதர் எடுத்துக்கொண்டார்கள். அழகுக்காக அல்ல, நஞ்சுக்காக. ஸ்கோபோலமைன், ஹயோசயமைன், அட்ரோபின் ஆகிய ஆல்கலாய்டுகள் இந்தச் செடியின் வேர் முதல் விதை வரை எங்கும் உண்டு. கொலம்பியாவின் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிபுந்தோய் பள்ளத்தாக்கில் காம்சா, இங்கா மக்களின் வைத்தியர்கள் இதை வீட்டுக் கொல்லையில் வளர்த்தார்கள். அங்கே 1940-களில் போன ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்ட்ஸும், 1960-களில் விரிவாக ஆய்ந்த மெல்வின் பிரிஸ்டலும் பதிந்துவைத்த செய்திகள்தான் இந்த வரலாற்றின் மிகச் செறிவான பகுதி. ஒரே பள்ளத்தாக்கில் கிண்டே, முஞ்சிரா, புயேஸ், பியாங்கன், அமரோன், சலமான் என்று தனித்தனிப் பெயரோடு பல வகைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இலையின் வடிவம் வேறு, வீரியம் வேறு, வேலையும் வேறு. புயேஸ் மூட்டுவாதத்துக்கு. அமரோன் வாதத்துக்கும் சீழ்க்கட்டு பழுப்பதற்கும். பியாங்கனின் இலையையும் பூவையும் முன்பு வேட்டைக்காரர்கள் நாய்த் தீனியில் கலந்து கொடுத்தார்கள், இரையை நாய் நன்றாக மோப்பம் பிடிக்கும் என்று. முஞ்சிராவின் இலை புழு அரித்ததுபோல ஓரம் சிதைந்திருக்கும். நஞ்சு அதிகம் என்று அதற்குப் பேர். இன்னொரு வகையின் இலை நாடாவைப்போலக் குறுகி, பூவின் குழலும் கிழிந்து இதழ்களாகப் பிரிந்திருந்தது. அதைப் பார்த்த ஷுல்ட்ஸ் இது புதிய பேரினமே என்று முடிவுசெய்து, 1955-ல் மெதிஸ்டிகோடெண்ட்ரான் என்று பெயர் சூட்டினார். பின்னால் வந்தவர்கள் அதுவும் மர ஊமத்தையின் ஒரு தோட்ட வகைதான் என்று காட்டினார்கள். தேர்ந்த தாவரவியலாளரின் கண்ணுக்கே தனிப் பேரினமாகத் தெரியும் அளவுக்கு மாறுபட்ட ஒரு செடியை, தலைமுறை தலைமுறையாக மாறாமல் ஒரு கொல்லைக்குள் காத்து வைத்திருந்தார்கள் என்பது அந்த வைத்தியர்களுக்குச் சேர வேண்டிய பெருமை. ஏட்டில் எழுதாமல், மலட்டுக் குச்சிகளைக் கைமாற்றியே இத்தனை வகைகளையும் பிரித்து வைத்திருந்தார்கள்.

அந்தக் காவலுக்கு வழி ஒன்றுதான், கிளையை ஒடித்து நடுவது. விதையிலிருந்து வந்தால் முஞ்சிரா முஞ்சிராவாக இருக்காது. இதை விளக்க வாழையைவிட நல்ல உதாரணம் தமிழ் வாசகருக்குத் தேவையில்லை. பூவனும் மொந்தனும் ரஸ்தாளியும் பக்கக்கன்றால் மட்டுமே நம் கொல்லைகளில் தொடர்ந்தன. விதையற்ற அந்த வாழைகளுக்கு மனிதர் இல்லாவிட்டால் மறுதலைமுறை இல்லை. மர ஊமத்தை அதற்கு வாகாகவே அமைந்தது. விரல் பருமனுள்ள குச்சியை ஈர மண்ணில் செருகினால் சில வாரங்களில் வேர்விடும். குச்சியை எங்கிருந்து ஒடிக்கிறோம் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. செடி முதலில் ஒற்றைத் தண்டாக உயர்ந்து, ஓரிடத்தில் கவையாகப் பிரியும். அந்தக் கவைக்கு மேலேதான் பூக்கும். கவைக்கு மேலுள்ள இலையின் அடிப்பகுதி இருபுறமும் சமமாக இராது, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். கவைக்குக் கீழுள்ள இலை சமச்சீராக இருக்கும். மேலிருந்து ஒடித்த குச்சி இடுப்பளவு உயரத்திலேயே பூத்துவிடும். கீழிருந்து ஒடித்தது மறுபடி உயர்ந்து கவை விட்ட பிறகே பூக்கும். வேலிக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று என்று தோட்டக்காரர்கள் தேர்ந்தெடுப்பது இதை வைத்துத்தான்.

மனிதக் கை இந்தச் செடியின் வரலாற்றில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்லச் சொன்னால் நான் காண்டிடாவைத்தான் சொல்வேன். பெர்சூன் 1805-ல் புரூக்மான்சியா என்ற பேரினத்தை நிறுவியபோது அடையாளமாக வைத்த செடி புரூக்மான்சியா காண்டிடா. அதை இயல்பான சிற்றினம் என்றே நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். லாக்வுட்டின் ஆய்வு அது ஆரியா, வெர்சிகலர் என்ற இரு சிற்றினங்களுக்குப் பிறந்த கலப்பு என்று காட்டியது. ஆரியா ஆண்டிஸ் மலையின் உயரங்களுக்குரியது. வெர்சிகலர் ஈக்வடோரின் குவாயாகில் வட்டாரத்துத் தாழ்நிலத்துக்குரியது. மலையுச்சியும் கடற்கரைச் சமவெளியுமாகப் பிரிந்து கிடந்த இரண்டு செடிகள் அந்துப்பூச்சி பறக்கும் தூரத்துக்குள் வர வேண்டுமானால், யாரோ ஒருவர் ஒன்றின் குச்சியை மற்றதன் ஊருக்குச் சுமந்து போயிருக்க வேண்டும். ஆக, ஒரு முழுப் பேரினத்துக்கும் பெயர்தாங்கிய செடியே தோட்டத்தில் உருவானது. ஐரோப்பிய அறிவியலின் கையில் அது சேர்வதற்கு முன்பே ஆண்டிஸ் மக்கள் அதைச் செய்து முடித்திருந்தார்கள். தோட்டம் காட்டின் நிழல், காட்டிலுள்ளதை வேலிக்குள் கொண்டுவந்து வைக்கும் இடம் என்ற வழக்கமான எண்ணம் இந்தச் செடி விஷயத்தில் எடுபடாது.

ஐரோப்பாவுக்கும் அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் அது போன கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பெருந்தோட்டங்களின் கண்ணாடி வீடுகளில் தொட்டிச் செடியாக வளர்ந்தது. குளிர்காலத்தில் உள்ளே, கோடையில் வெளியே. அங்கிருந்து குடியேற்ற நாடுகளின் குளிர்மலை ஊர்களுக்குப் பரவியது. நீலகிரியோடு ஒப்பிட ஒரு நல்ல இணை இருக்கிறது. அதே ஆண்டிஸ் மலையிலிருந்து சின்கோனாவை 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்தார். லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் பயின்று 1848-ல் ஊட்டிக்கு வந்து அரசுத் தாவரவியல் பூங்காவை அமைத்த மக்ஐவர் அதன் தோட்டங்களை நடத்தினார். சின்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா மருந்து அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது. ஆகவே கப்பலும் காவலும் கணக்கும் கடிதமுமாக ஒவ்வொரு நாற்றுக்கும் ஆவணம் உண்டு. மர ஊமத்தைக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தோட்டக்காரர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஒரு குச்சி போனால் போதும். இலங்கை மலையகத்தின் தேயிலை ஊர்களிலும் அது நின்ற விதம் இதுவே. எளிதாகப் பரவியதுதான் அதன் பலம். பலவீனமும் அதுவே.

ஒரு குச்சியிலிருந்து வந்த நூறு செடிகள் கணக்குக்கு நூறு, மரபின்படி ஒன்றுதான். தன் மகரந்தத்தை ஏற்காத செடியை இப்படி ஊர் முழுக்க நட்டால், ஊரே ஒரே செடியாகிவிடுகிறது. நம் மலைகளில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகளுக்குக் குறைவில்லை. அவை இரவில் வரத்தான் செய்யும். பக்கத்து வேலியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தாலும் அது அதே செடியின் மகரந்தமாக இருக்கும்போது சூல்முடி அதை மறுத்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் பூக்கும் ஒரு செடியில் காயைக் காண்பது இவ்வளவு அரிதாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். குச்சி வழியின் இரண்டாவது தீங்கு நோய். கொலம்பியாவிலிருந்து வந்த மர ஊமத்தையில் உருளைக்கிழங்கு வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதிய வைரஸ் இருப்பதை 1968-ல் கண்டறிந்தார்கள். கொலம்பிய டட்டூரா வைரஸ் என்று அதற்குப் பெயர். அசுவினி அதைச் செடிக்குச் செடி கடத்தும். நோயுள்ள தாயிடமிருந்து ஒடித்த ஒவ்வொரு குச்சியும் பிறக்கும்போதே அந்த நோயோடு பிறக்கும். ரஸ்தாளி வாழை பனாமா வாடலுக்கு ஊர் ஊராகப் பலியான கதை அறிந்தவர்களுக்கு, ஒரே மரபை எங்கும் நடுவதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. விதை வழி பிறக்கும் கன்று பெரும்பாலும் அந்தச் சுமையில்லாமல் தொடங்குகிறது; தாய் தந்தை இரண்டிலும் இல்லாத ஒரு புதுச் சேர்க்கையையும் கொண்டுவருகிறது.

கையால் மகரந்தம் வைப்பது பொழுதுபோக்கு என்று பார்க்கப்பட்டாலும், இந்தச் செடிக்கு அது இழந்த ஒன்றைத் திருப்பித் தருகிறது. செய்முறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். மறுநாள் மாலை விரியப்போகும் மொட்டைத் தேர்ந்தெடுத்து, குழலின் ஒரு பக்கத்தைச் சிறிய பிளேடால் நீளவாக்கில் கீறித் திறக்க வேண்டும். உள்ளே ஐந்து மகரந்தப்பைகள் இருக்கும். சுவாவியோலென்ஸ் என்ற வெள்ளை வகையில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, சூல்தண்டைச் சுற்றிக் கூடுபோல நிற்கும். அவை வெடித்துத் தூள் விடுவதற்கு முன் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மறுநாள் அந்தியில் வேறொரு மரத்தின், வேறு மரபுடைய மரத்தின், பூவிலிருந்து நன்றாக வெடித்த மகரந்தப்பையைப் பறித்து வந்து, நீண்ட சூல்தண்டின் நுனியிலுள்ள சூல்முடியில் வெண்தூள் படியும்வரை மெதுவாகத் தேய்க்க வேண்டும். அந்தத் தூளின் ஒவ்வொரு மணியும் தன் குழலை அந்தத் தண்டின் நீளம் முழுவதும், ஒரு சாண் தூரம், வளர்த்துக்கொண்டு போய்ச் சூலகத்தை அடைகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணி இதைச் செய்கிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு தீராது. பூக்காம்பில் நூல் கட்டி, தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரை அடுத்தும் சீட்டில் எழுதித் தொங்கவிடுவது வளர்ப்போர் மரபு. சில நாளில் பூ உதிரும். காம்பு மஞ்சளானால் முயற்சி வீண். காம்பு பச்சையாகவே நின்று, அடியில் காய் பருக்கத் தொடங்கினால் சேர்க்கை பிடித்துவிட்டது. காய் முற்றப் பல மாதம் ஆகும். விதையைச் சுற்றித் தக்கை போன்ற தடித்த உறை இருக்கும். இரவு முழுக்க நீரில் ஊறவைத்து அதை உரித்து விதைப்பது பலருடைய வழக்கம். இந்த வேலையில் கையுறை அவசியம். சாறோ தூளோ பட்ட விரலால் கண்ணைத் தொட்டால் பாவை விரிந்து மணிக்கணக்கில் பார்வை மங்கும்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்கவும் முடியாது. சேர்க்கைச் சோதனைகள் ஏழு சிற்றினங்களும் இரண்டு கூட்டமாகப் பிரிவதைக் காட்டின. ஆரியா, இன்சிக்னிஸ், சுவாவியோலென்ஸ், வெர்சிகலர் ஆகியவை வெப்பம் தாங்கும் கூட்டம். ஆர்போரியா, சாங்குவினியா, வல்கனிகோலா ஆகியவை குளிர்க் கூட்டம். கூட்டத்துக்குள் சேர்க்கை எளிது, பிள்ளைகளும் வளமானவை. ஒரு கூட்டத்திலிருந்து மற்றதற்குச் சேர்க்கை பிடிப்பதில்லை. கடந்த சில பத்தாண்டுகளில் ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளின் வீட்டுத் தோட்டக்காரர்கள் இந்த விதிக்குள் நின்றே மஞ்சள், ரோஜா, ஆரஞ்சு, அடுக்கிதழ் என்று ஏராளமான வகைகளைப் பிறப்பித்தார்கள். ஜெர்மனியின் ப்ரைசல் தம்பதியர் எழுதிய வளர்ப்பு நூல் அவர்களுக்குக் கைநூலாயிற்று. அலிஸ்டர் ஹே, மோனிகா கொட்ஷால்க், அடோல்ஃபோ ஓல்கின் ஆகியோர் 2012-ல் வெளியிட்ட ஹுவாண்டுஜ் என்ற பெருநூல் தாவரவியலாளரையும் வீட்டில் வளர்ப்போரையும் ஒரே மேசையில் உட்கார்த்தியது. பல்கலைக்கழகம் ஓரளவு செய்து நிறுத்திய வேலையைக் கொல்லைகள் தொடர்ந்தன.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். நீலகிரி ஓடைக்கரையில் யாரும் நடாமலே புதராக மண்டிக் கிடக்கிறதே, அது காட்டுச்செடி ஆகாதா என்பது முதலாவது. வெள்ளத்தில் ஒடிந்த கிளை அடித்துவரப்பட்டுக் கரையில் ஒதுங்கி வேர்விடுவதால் வந்த புதர் அது. வேலியில் நட்ட அதே குச்சியின் நீட்சி. செம்பட்டியலின் வரையறையே இதை முன்கூட்டி எண்ணித்தான் எழுதப்பட்டது. வளர்ப்பில் மட்டுமோ, தாய்நிலத்துக்கு வெகு வெளியே ஊன்றிக்கொண்ட கூட்டமாக மட்டுமோ உயிர்வாழும் இனமே இயற்கையில் அற்றுப்போனது எனப்படும். இதைவிட வலுவானது இரண்டாவது எதிர்வாதம். சுவாவியோலென்ஸின் தாய்நிலமான தென்கிழக்குப் பிரேசிலில் பிளாசிடுலா யூரியனாஸா என்ற பட்டாம்பூச்சியின் புழு இந்தச் செடியின் இலையைத் தின்று வாழ்கிறது. நஞ்சைத் தன் உடலிலேயே சேமித்துக்கொள்ளவும் செய்கிறது. ஒரு பூச்சி இப்படி ஒரு செடியோடு பிணைந்து வாழும்போது அந்தச் செடி அங்கே காட்டில் இல்லை என்று சொல்லலாமா? இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அந்தப் பிணைப்பு ஒரு நாளில் வந்ததல்ல. அந்தச் செடி ஒரு காலத்தில் அங்கே காட்டோடு காடாக நின்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் சாட்சி கடந்த காலத்துக்கு. இன்று அந்தப் புழு ஏறியிருக்கும் செடி விதையிலிருந்து தானாக முளைத்ததா, யாரோ நட்டதன் தொடர்ச்சியா என்பதைப் புழு சொல்லாது. மாறாக, கொல்லைகளும் வழியோரங்களும் இந்தச் செடியைக் கைவிட்டால் அதனோடு அந்தப் பட்டாம்பூச்சிக்கும் இடர் வரும் என்பதையே அது உணர்த்துகிறது.

மூன்றாவது எதிர்வாதம் பாதுகாப்புத் துறையினரிடமிருந்து வருவது. தோட்டக்காரர்கள் பிறப்பிப்பவை அலங்காரக் கலப்புகள். அடுக்கிதழ் ரோஜா நிறப் பூவால் எந்தச் சிற்றினமும் காப்பாற்றப்படாது, தூய மரபுகள் அந்தக் கலப்புகளில் கரைந்து மறையும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. நிறத்துக்காக மட்டும் சேர்க்கை செய்வது இனத்தைக் காக்காது. இதை ஒப்புக்கொள்ளாமல் என் வாதம் நேர்மையாக நிற்காது. ஆனால் இதற்கு மருந்து சேர்க்கையை நிறுத்துவதில் இல்லை. ஒரே சிற்றினத்தின் வெவ்வேறு மரபுக் குச்சிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றுக்குள் மகரந்தம் மாற்றி, விதை எடுத்து, பெயர் தவறாமல் எழுதி வைத்தால் அதுவே பாதுகாப்பு. அதற்குத் தேவைப்படும் கைப்பழக்கம் அலங்காரக் கலப்புச் செய்தவர்களிடம்தான் வளர்ந்திருக்கிறது. சிபுந்தோய் வைத்தியர்களும் தூய மரபை எண்ணி நடவில்லை, தங்களுக்கு வேண்டிய வகையைத்தான் நட்டார்கள். செடி எஞ்சியது அவர்களால்தானே?

நஞ்சுச் செடியை வீட்டில் ஏன் வளர்க்க வேண்டும் என்ற கேள்விக்குத் தெளிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. போதைக்காக இதை உட்கொண்டு 1994-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மட்டும் 112 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மனம் பேதலித்தல், காய்ச்சல், இதயத் துடிப்பு தாறுமாறாதல், மரணம்வரை போகக்கூடிய நஞ்சு இது. ஆண்டிஸ் மக்களே இதை வைத்தியரின் கையில் மட்டும் விட்டார்கள், அச்சத்தோடுதான் அணுகினார்கள். பயணக் குமட்டலுக்குத் தரும் ஸ்கோபோலமைன் இதே செடியில் இருக்கிறது என்பதால் வீட்டில் யாரும் மருந்து செய்யத் துணியக் கூடாது. ஆனால் அரளியும் ஊமத்தையும் இருக்கும் முற்றங்களில் தலைமுறைகளாகப் பிள்ளை வளர்த்த சமூகம் நாம். எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்து, எட்டாத இடத்தில் வளர்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது வேண்டாம். ஆடு மாடு மேயும் வேலியிலும் வேண்டாம். மற்ற இடங்களில் எச்சரிக்கை போதும்.

ஆகவே மலையூர்களில் இதை வளர்ப்பவர்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அடுத்த குச்சியைப் பக்கத்து வீட்டிலிருந்து ஒடிக்காதீர்கள். அது பெரும்பாலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் செடியேதான். வேறு ஊரின், வேறு நிறத்தின் குச்சியையோ, பெயர் எழுதிய விதையையோ தேடி வாங்குங்கள். இரண்டும் ஒரே காலத்தில் பூக்கும் மாலையில் கையுறை அணிந்து மகரந்தம் மாற்றிப் பாருங்கள். காய் பிடித்தால் தாய் தந்தைப் பெயரை எழுதிக் கட்டுங்கள், முளைத்த கன்றுகளை மற்றவர்களுக்கும் கொடுங்கள்.